கட்டடப் பராமரிப்பில் எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் நான்கு மாடி அலுவலகத்துக்குப் பராமரிப்பு நிர்வாகியாகச் சேர்ந்திருக்கிறேன். சிவில் டிப்ளமோ படித்தவன். மேலிடம் செலவைக் குறைக்கச் சொல்கிறது. ஊழியர்களில் பாதிப் பேர் ஏசி போதவில்லை என்கிறார்கள். மீதிப் பேர் குளிர்கிறது என்கிறார்கள். துப்புரவுப் பணிக்கு மிகக் குறைந்த தொகை கேட்டவரையே எடுக்கச் சொல்கிறார் கணக்கர். பின்பக்கப் படிக்கட்டுக் கதவைப் பூட்டிவைக்க வேண்டும் என்கிறார் செக்யூரிட்டி. ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. எந்தக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது? சான்றிதழ் படிப்பு ஏதாவது படிக்க வேண்டுமா?

பதில்:

தம்பி, வசதி மேலாண்மை எனப்படும் இந்தத் தொழிலுக்கு உலக அளவில் ஒரு வரையறை உண்டு. பன்னாட்டுத் தரநிலைகளை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு 41011 என்ற எண்ணில் அதை வெளியிட்டிருக்கிறது. மனிதர்கள், இடம், செயல்முறை ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து, அங்கே இருப்பவர்களின் வாழ்க்கைத் தரத்தையும் நிறுவனத்தின் உற்பத்தித் திறனையும் உயர்த்தும் பணி என்பது அதன் சாரம். 2018இல் வந்த 41001 என்ற தரநிலை இதற்கான நிர்வாக முறையைச் சொல்கிறது. இரண்டும் நன்றாகவே எழுதப்பட்டவை. ஆனால் உங்கள் கட்டடத்தில் எந்த மனிதர் என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது. நான்காவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பொது மேலாளரும் மனிதர்தான். கழிப்பறை கழுவிவிட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும் அம்மாவும் மனிதர்தான்.

டெல்டாவில் மருத்துவமனை, கல்லூரி, அரவை ஆலை அலுவலகம் என்று பல கட்டடங்களைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான். பராமரிப்பில் எந்த முடிவை எடுத்தாலும் ஒரு சுமையோ ஆபத்தோ ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. யாருடைய பணம் மிச்சமாகிறது, அதற்கு யார் உடலாலோ உயிராலோ ஈடு கொடுக்கிறார் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. பார்த்ததை முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு எழுத்தில் தெரியப்படுத்துவது வேலையின் மறுபாதி. நீங்கள் கேட்ட நான்கையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

முதலில் கதவு, ஏனென்றால் அதில் தயங்குவதற்கு எதுவும் இல்லை. செக்யூரிட்டி பயப்படுவது திருட்டுக்கு. ஒரு லேப்டாப் போனால் காப்பீடு உண்டு, வேறு வாங்கலாம். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் புகையில் சிக்கிய ஆளை எந்தக் காப்பீடும் திருப்பித் தராது. திரும்பப் பெறக்கூடிய இழப்பையும் திரும்பப் பெறவே முடியாத இழப்பையும் ஒரே தராசில் வைப்பதே பிழை. 2004 ஜூலை 16 அன்று உங்கள் ஊர்ப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சமையல் கூடத்தில் பற்றிய நெருப்பு, கீற்றுக் கூரை, நெருக்கியடித்த வகுப்பறைகள், குறுகலான படிக்கட்டு. இவற்றில் ஒன்றுகூட அன்று காலையில் திடீரென்று முளைத்ததில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பார்த்து, ‘இருக்கட்டும்’ என்று விட்டிருக்கிறார். கும்பகோணத்தில் வேலை பார்ப்பவருக்கு இதைவிட அதிகம் சொல்லத் தேவையில்லை.

செக்யூரிட்டியின் கவலையையும் தள்ளிவிட வேண்டாம். உள்ளிருந்து கம்பியைத் தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுப் பொருத்திகள் கிடைக்கின்றன. திறந்தால் மணியடிக்கும்படியும் செய்யலாம். பிறகு அந்தப் படிக்கட்டில் அட்டைப் பெட்டிகளையும் உடைந்த நாற்காலிகளையும் அடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டைவிட இதுதான் பெரிய போராட்டமாக இருக்கும். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு துறையும் தன் குப்பையைப் படிக்கட்டில் கொண்டுவந்து வைக்கும்.

அடுத்தது துப்புரவு ஒப்பந்தம். கணக்கர் சொல்வதைக் கணக்காலேயே எதிர்கொள்ளுங்கள். தொழிலாளிக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளியின் பங்கு, நிர்வாகக் கட்டணத்தோடு சேர்த்து 13. இ.எஸ்.ஐ.க்கு 3.25. போனஸ் 8.33. பணிக்கொடைக்கு ஒதுக்க வேண்டியது 4.81. ஏறக்குறைய 130 ஆகிவிட்டது. வார விடுப்பில் போகிறவருக்கு மாற்றாள், துடைப்பம், பினாயில், ஒப்பந்தக்காரரின் லாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. இந்த நிலையில் ஒருவர் 115க்குச் செய்கிறேன் என்று விலைப்புள்ளி கொடுத்தால், அவர் மந்திரம் தெரிந்தவராக இருக்க முடியாது. ஒன்று பதிவேட்டில் பத்துப் பேர், தரையில் ஏழு பேர், இல்லையென்றால் பி.எஃப். பிடித்தம் உண்டு, கட்டுவது கிடையாது. இரண்டிலும் உங்கள் நிறுவனத்தின் சேமிப்பு துப்புரவு செய்யும் பெண்களின் சம்பளத்திலிருந்து எடுத்தது.

சட்டமும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. முதன்மை முதலாளி என்றால் உங்கள் நிறுவனம். ஆகவே டெண்டர் படிவத்திலேயே ஊதியம், சட்டப்படியான பங்களிப்புகள், பொருட்செலவு, சேவைக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். முதல் இரண்டில் யாரும் போட்டி போட முடியாது, அவை சட்டம் போட்ட கோடு. போட்டி மீதி இரண்டில் நடக்கட்டும். மாதந்தோறும் பில்லைக் கொடுக்குமுன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய சான்றையும் வங்கியில் ஊதியம் போட்ட விவரத்தையும் வாங்கி இணையுங்கள். அது இல்லாமல் பில் நகரக்கூடாது. இந்த ஒரு வழக்கம் வந்துவிட்டால் நேர்மையற்ற ஒப்பந்தக்காரர்கள் தாமாகவே உங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பெண்கள் கழிப்பறைக்கு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்து ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்ப்பவரின் நெஞ்சுக்குள்தான் அது போகும். ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று மேலிடம் பாராட்டிய ஒரு கழிப்பறையில் இந்தக் கலவையைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிட்டை நிறுத்திய பிறகு மஞ்சள் கறை கொஞ்சம் தெரிந்தது, ஓரிரு புகார்களும் வந்தன. கறையோடு வாழப் பழகலாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்ல வேண்டும்: செப்டிக் டேங்க். இதில் யோசித்து முடிவெடுக்க இடமே கிடையாது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒரு மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்ப் பணியில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ‘வாசனை போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைக்கும் அந்த நேரம்தான் கொல்லும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவார், இரண்டு உயிர் போகும். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். அடியில் படிந்த சகதியைக் குழாய் உறிஞ்சவில்லை, ஆள் இறங்கினால் பத்து நிமிட வேலை என்று யாராவது சொன்னால், அன்றைய வேலையை நிறுத்திவிட்டு லாரியை அனுப்பிவிடுங்கள். கழிப்பறை ஒரு நாள் மூடிக் கிடந்தால் கிடக்கட்டும்.

இப்போது ஏசி. இதில்தான் நீங்கள் அதிகம் திட்டு வாங்குவீர்கள், ஆபத்து என்னவோ குறைவுதான். டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் ஃபேங்கர் 1970இல் வெளியிட்ட ஆய்வின்படி, எவ்வளவு சரியாக வெப்பநிலையை அமைத்தாலும் குறைந்தது 5 சதவீதம் பேருக்கு அது பிடிக்காது. அமெரிக்கத் தரநிலை ஒன்று 80 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறது. ஆகவே எல்லோரையும் திருப்திப்படுத்தும் எண்ணை ரிமோட்டில் தேட வேண்டாம். 2020 ஜனவரி முதல் விற்கப்படும் நட்சத்திரத் தர ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி எரிசக்தித் திறன் செயலகம் விதித்திருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊருக்கு ஒரு கூடுதல் வழி உண்டு: கூரை மின்விசிறியைக் கழற்றிவிடாதீர்கள். அலங்கார உட்கூரை போடும்போது விசிறிகளைத் தூக்கி எறிவது ஒரு நாகரிகமாகிவிட்டது. மெதுவாகச் சுழலும் விசிறி இருந்தால் 26 டிகிரியிலும் புழுக்கம் தெரியாது. குளிர்கிறது என்பவரின் மேசை பெரும்பாலும் காற்று நேராக இறங்கும் இடத்தில் இருக்கும், மேசையை நகர்த்துங்கள். போதவில்லை என்பவர் மேற்குக் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருப்பார். வெயிலைத் தடுக்கத் திரை போடுங்கள். இயந்திரத்தைத் தொடுமுன் இந்த இரண்டையும் செய்தால் பாதிப் புகார் அடங்கும்.

மேலிடம் கேட்கும் சிக்கனத்தை இங்கேதான் தேட வேண்டும். பழைய 40 வாட் குழல் விளக்கை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. போட்டால், நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்து, ஒரு விளக்குக்கு 60 யூனிட் மிச்சம். ஒரு யூனிட் 8 ரூபாய் என்றாலும் 480 ரூபாய். நூறு விளக்கு என்றால் பெருக்கிப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மனிதர்மேல் கை வைக்காமல் குறைத்த செலவு என்று காட்டினால், மனிதர்மேல் கை வைக்கும் யோசனைகளை மறுக்க உங்களுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும்.

எந்த வேலையை எப்போது செய்வது என்பதில் மட்டும் வெளியூர்க் கையேடுகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை ‘காலாண்டுக்கு ஒரு முறை’ என்று எழுதியிருக்கும். டெல்டாவுக்குத் தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நீர் கடைமடைக்கு வந்து, பிறகு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்கும். அந்தச் சமயத்தில் சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியையோ செப்டிக் டேங்கையோ காலி செய்தால், வெளியிலிருக்கும் நீரின் அழுத்தம் காலித் தொட்டியை மேலே தூக்கும். சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்தே வந்துவிடும். ஆகவே தொட்டிகளைத் துப்புரவு செய்வது பங்குனி, சித்திரையில். அதே சித்திரையில் சுவரில் தெரியும் விரிசலைப் பார்த்து அவசரப்பட்டுப் பூச வேண்டாம். நம் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதி, ஒரு மழைக்காலம் முடியும்வரை கவனியுங்கள். கண்ணாடி உடைந்தால் அஸ்திவாரம் அசைகிறது, பொறியாளரைக் கூப்பிடலாம். உடையவில்லை என்றால் வெள்ளையடிப்பவரே போதும்.

நெற்பயிர் நிற்கும் மாதங்களில் அந்தி சாய்ந்தால் தத்துப்பூச்சிகள் விளக்கைத் தேடிப் படையெடுக்கும். முகப்பில் வெள்ளை விளக்கை எரியவிட்டுக் கதவையும் திறந்து வைத்தால் காலையில் கூட்டி அள்ளுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாசலுக்கு மஞ்சள் விளக்கு போடுங்கள். வெள்ளை விளக்கைக் கட்டடத்திலிருந்து தள்ளி மதில் ஓரத்தில் வையுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் தீனி இழந்த எலிகள் கட்டடங்களுக்குள் நுழையும். கேபிள் குழாய்களின் வாய்களை மார்கழிக்குள் அடைத்துவிட வேண்டும். எலி கடித்த பிறகு செர்வர் அறையில் செய்யும் ஆய்வுகள் சுவாரசியமாக இருக்கும், பலன் இருக்காது.

புயலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ‘நாலு மணி நேரம் தாங்கும் பேக்கப் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்த அலுவலகங்களுக்கு அப்போதுதான் தண்ணீர் மோட்டாரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பது உறைத்தது. ஜெனரேட்டரை வாரம் ஒரு முறை ஓடவிடுவதாகப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். சும்மா ஓடவிட்டால் போதாது. குறைந்தது முப்பது சதவீதச் சுமையாவது ஏற்றி ஓட்ட வேண்டும், இல்லையென்றால் எரியாத டீசல் உள்ளே படிந்து தேவைப்படும் நாளில் காலை வாரிவிடும். யு.பி.எஸ். பேட்டரி வைத்திருக்கும் அறை புழுங்குகிறதா என்றும் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். காற்றோட்டம் இல்லாத படிக்கட்டுப் பொந்தில் அதை அடைத்துவிட்டு, கம்பெனி சரியில்லை என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் அநேகம்.

வாஸ்துவும் உங்கள் மேசைக்கு வரும். ஈசானிய மூலையில் சம்ப், அக்கினி மூலையில் மின்பலகை என்று முதலாளி வீட்டிலிருந்து ஆலோசனை வரும். பெரும்பாலும் கேடில்லை, செய்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த அக்கினி மூலை வளாகத்திலேயே தாழ்வான இடமாக இருந்து மழைத் தண்ணீர் தேங்கும் என்றால், மூலையை மாற்றாமல் உயரத்தை மாற்றுங்கள்: இடுப்பளவு மேடை கட்டி அதன்மேல் மின்பலகை. வாஸ்துவில் உயரத்துக்குப் பெரிய ஆட்சேபம் வந்து நான் பார்த்ததில்லை.

இனி முக்கியமான ஒன்று. மேலிடம் பணம் இல்லை என்று சொல்வது பல சமயம் உண்மைதான். எல்லாவற்றையும் இந்த ஆண்டே செய்ய முடியாது. அப்போது ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார வேண்டாம். சண்டையும் வேண்டாம். தள்ளிப்போட்ட வேலைகளுக்கென்று ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். வேலை என்ன, இப்போது செய்தால் என்ன செலவு, தள்ளினால் என்ன நடக்கலாம், நடந்தால் யாருக்கு நடக்கும், எந்த மாதம்வரை தள்ளலாம் என்று எழுதி, தள்ளச் சொன்னவரிடம் கையொப்பம் வாங்குங்கள். ‘மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவர் தளர்ந்திருக்கிறது, 22,000 ரூபாய், தள்ளினால் கீழே வண்டி நிறுத்துபவர் தலையில் விழலாம்’ என்று எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட யாருக்கும் கை வராது. சுவருக்கு வண்ணம் பூசுவதைத் தள்ளும் வரியில் உடனே போடுவார்கள். எது அவசரம் என்பதை நீங்கள் வாதாடி நிறுவ வேண்டியதில்லை, பேனாவே பிரித்துவிடும்.

இதற்குச் சிலர் எரிச்சல்படுவார்கள். ‘என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயா?’ என்று கேட்பார்கள். பணிவாக, ‘இல்லை சார், நாளைக்கு நான் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும்’ என்று சொல்லுங்கள். அது பொய்யும் கிடையாது.

தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவருவதைப் பற்றி: இனிப்புப் பெட்டியைப் பொது மேசையில் பிரித்து வைத்துவிடுங்கள். அதற்கு மேற்பட்டது எதுவானாலும் அன்றே திருப்பி அனுப்பி, ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். தங்கை கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறேன் என்று வருவார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அதுவும் வேண்டாம்.

சான்றிதழ் படிப்பு: பன்னாட்டு வசதி மேலாண்மைச் சங்கமான இஃப்மா நடத்தும் எஃப்.எம்.பி. உங்கள் நிலைக்குப் பொருந்தும், சி.எஃப்.எம். என்பது அனுபவம் சேர்ந்த பிறகு எழுதும் தேர்வு. சென்னையிலோ பெங்களூருவிலோ பெரிய நிறுவனத்துக்குப் போக நினைத்தால் பயன் உண்டு. கும்பகோணத்திலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கட்டணத்தில் முதலில் மின்சாரம், தீயணைப்பு ஆகிய இரண்டிலும் நல்ல பயிற்சி எடுங்கள். சிவில் படித்தவர்களுக்கு மின்பலகையைத் திறக்கவே பயமாக இருக்கும். எலக்ட்ரீஷியன் சொல்வது சரியா தவறா என்று தெரியாமல் பில்லில் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கும் முன்னால், நாளைக்குப் போனதும் லிஃப்டின் உரிமத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். பொறுப்பு கைமாறும் கட்டடங்களில் முதலில் காலாவதியாகிக் கிடப்பது அந்தத் தாள்தான். முடிந்துபோயிருந்தால் மின் ஆய்வுத் துறைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு, உங்கள் தள்ளிப்போட்ட வேலைகள் தாளில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.